ஏட்டையாவின் மூக்கு

லம்துவன் தொடர்ந்து மூன்றாவது நாளாக ஒரு கிண்ணம் சோற்றை முழுசாகச் சாப்பிட்டாள். வேறு யாராக இருந்தாலும் விகாரைக்குப் போய் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்திருப்பார்கள். அவள் புருஷன் தவினுக்கோ மூக்கில் வியர்த்தது.

முப்பத்துநான்கு வருடம் போலீசில் வேலை பார்த்து, ஏட்டாக ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்தேழு ஆகிவிட்டது. இன்னமும் ஊரில் எல்லோருக்கும் ஏட்டையாதான். கெட்டது நடந்தால் மட்டுமல்ல, நல்லது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பான், அந்த ஆளுக்கு ஒரு உள்நோக்கம் இருக்கும் என்பது அவருடைய கட்சி. சும்மா ஒருத்திக்குப் பசி திரும்பி வராது.

சித்திரை மாதம் லம்துவனுக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது ஊசிக்கு அப்புறம் வாயில் எது பட்டாலும் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்றாள். முடி போனதைக்கூடச் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டவள் சாப்பாட்டு வேளையில் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். ஐம்பத்தொன்று இருந்த எடை முப்பத்தெட்டுக்கு வந்தது. சகோன் நகோன் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா தவினைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த ஊசிக்கு நாற்பது கிலோவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளித்தான் போட முடியும், தள்ளிப் போடுவது அவளுக்கு நல்லதில்லை என்று சொன்னாள். எவ்வளவு நல்லதில்லை என்று அவர் கேட்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

ஒரே மகளுக்குத் தூரத்து ரயோங்கில் கார் தொழிற்சாலையில் வேலை. ஆகவே அடுப்பு தவின் கைக்கு வந்தது. கல்யாணமான நாற்பத்திரண்டு வருடத்தில் அடுப்பங்கரைக்குள் அவர் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான். லம்துவன் தொங்கு தொட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, நாட்டுக்கோழியை வெட்டி, அரத்தையைத் தட்டிப் போட்டு, எலுமிச்சைப்புல்லை முடிச்சுப் போட்டு, ஊறவைத்த மீன் சாற்றை ஊற்றி, அவள் கைமணத்தில் பேர்பெற்ற அந்தக் கோழிச் சாற்றைத் தினமும் வைத்தார். இரண்டு கரண்டி குடிப்பாள். நல்லாருக்குங்க என்பாள். பிறகு கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைப்பாள். அவள் தள்ளி வைப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் தவினுக்குத் துக்கமாக வரும். அதைக் காட்டத் தெரியாமல் பூனையைத் திட்டுவார்.

இப்படி இருந்தவள்தான் இப்போது கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறாள். மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். தொலைக்காட்சித் தொடரில் மாமியார்க்காரி வழுக்கி விழுந்ததற்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். முன்பெல்லாம் இதே மாமியாரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

தவின் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அவர் வைக்கிற சாற்றில் அவள் இப்போதும் இரண்டு கரண்டிக்கு மேல் தொடவில்லை. அவள் சாப்பிடுவதெல்லாம் நுவான் கொண்டுவருகிற தூக்குக் கேரியரில்தான். நுவான் அந்தத் தெருவின் சுகாதாரத் தொண்டர். ஐம்பது தாண்டியவள், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். மழைக்கால விரத மாதங்களில் தவின் தினமும் பிக்குகளுக்குப் பகல் உணவு பரிமாற விகாரைக்குப் போய்விடுவார். அவர் திரும்புவதற்குள் அக்காவுக்குப் பசித்துவிடும், நான் எதையாவது கொண்டுவந்து வைக்கிறேன் என்று நுவான் தானாக வந்து சொன்னாள். தானாக வந்து சொல்கிறவர்களைத் தவின் எப்போதுமே இரண்டாம் முறை பார்ப்பார்.

ஒருநாள் லம்துவன் தூங்கி எழுந்ததும் டார்ச் விளக்கை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருந்தது."

"எந்தக் கண்ணுல?"

அவர் டார்ச்சை அணைத்தார். கண் லேசாகச் சிவந்திருந்ததா, விளக்கு பட்டதால் சிவந்ததா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

அவருக்கு இருந்த சந்தேகத்துக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஜூன் மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்து நாடு முழுக்க அதே பேச்சுதான். கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் ரோஜாவுக்குப் பக்கத்தில் வளர்க்கலாம், கைபேசியில் பெயரைப் பதிந்தால் போதும். விகாரை மண்டபத்தில் வெள்ளை உடுத்தி விரதம் இருக்க வருகிற கிழங்களுக்குப் பேச வேறு விஷயமே இல்லாமல் போயிற்று. எழுபத்திரண்டு வயசு பிம்ப்பா சாராயத்தில் இலையை ஊறப்போட்டு முழங்காலில் தேய்த்துக்கொள்கிறாள். ஒருத்தர் குறை சொன்னதற்கு, "முட்டி என்னுது, சட்டம் அவங்களுது" என்று சொல்லிவிட்டாள். ரிடையர்டு வாத்தியார் சந்தையில் எண்ணெய் வாங்கி, நாக்கடியில் மூன்று சொட்டு விடச் சொன்னதற்குத் தூக்கம் வரவில்லையென்று ஏழு விட்டுக்கொண்டு, தான் செத்துவிட்டதாகவே முடிவு செய்து, பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு விடைபெற்றார். அன்றிலிருந்து அவர் அதன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறார். ஊசி போடுகிற ஆஸ்பத்திரியிலேயே செவ்வாய்க்கிழமைகளில் அதற்கென்று தனி வரிசை, அதில் நிற்பது பூராவும் நரைத்த தலைகள். டாக்டரம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டியபோது தவின் காதில் விழாதது போல இருந்துவிட்டார்.

மண்டபத்தில் அவர் சொன்னது ஒன்றுதான். "இன்னிக்கு சிரிச்சுக்கிட்டே பேரை எழுதிக்குவாங்க. நாளைக்கு ஆட்சி மாறினா அதே லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு வீடு வீடா வருவாங்க. நான் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?" அவர் சொன்னதும் நாலைந்து பேர் கைபேசியை மடியில் மறைத்துக்கொண்டார்கள்.

பெயரைப் பதிந்து ஆறு செடி வளர்த்தவர்களில் முதல் ஆள் தோங்சாய். தவின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சந்துக்கு அந்தப் பக்கம் அவன் வீடு. பின்பக்கம் எவ்வளவோ இடம் கிடக்க, வேண்டுமென்றே தெருப் பார்த்த வாசலில் வரிசையாக வைத்திருந்தான். வேலிக்கு மேல் ஒரு முழம் வளர்ந்து நின்றன. விகாரைக்குப் போக அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தவின் தினமும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு தாண்டுவார்.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்பு தோங்சாயைப் பிடித்தவர் அவர்தான். அந்தக் கதையை அவர் வாயால் கேட்காத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. மழை விட்ட ஒரு காலையில் பின்சந்தில் ஒரே ஒரு இலை கிடந்தது, விரலை விரித்த கை மாதிரி. வேறு போலீஸ்காரனாக இருந்தால் மிதித்துக்கொண்டு போயிருப்பான். தவின் குனிந்து எடுத்தார், முகர்ந்தார், சேற்றில் தடம் பார்த்துக்கொண்டே போனார். தோங்சாயின் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால், மரவள்ளிக்கு நடுவே மூன்று செடிகள். ஒரே ஒரு இலையை வைத்துப் பிடித்த கேஸ் என்று மாவட்டத் தலைமையகத்தில் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்கள். கோர்ட்டில் எதற்கு வளர்த்தாய் என்று கேட்டதற்குத் தோங்சாய் சமையலுக்கு என்றான். கோர்ட்டே சிரித்தது. யார் யாருக்குக் கொடுத்தாய் என்றதற்கு யாருக்கும் இல்லை என்றான். இரண்டு வருடம் எட்டு மாதம் போட்டார்கள். உள்ளே இருக்கும்போதே அவன் அம்மா செத்துப் போனாள். தகனத்துக்கு விடவில்லை.

வெளியே வந்த பிறகு அவன் ஒரு சண்டைக்கும் வரவில்லை. எதிரே பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவான். அதுதான் தவினுக்கு உறுத்தல். திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருக்கிறவன் மனசில் என்ன வைத்திருக்கிறான்?

அன்றைக்கு விகாரையிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்தார். லம்துவன் தூங்கிக்கொண்டிருந்தாள். கேரியர் கழுவாமல் தொட்டியில் கிடந்தது. அடியில் ஒட்டியிருந்த சாற்றை முகர்ந்தார். கோழி, அரத்தை, எலுமிச்சைப்புல். பஸ் கூரையில் கட்டியிருக்கிற மூட்டையைக் கீழே நின்றபடியே மோந்து சொல்கிற மூக்கு, ஒன்றும் சொல்லவில்லை. விரலை விட்டுத் துழாவினார். ஒரு காம்பு தட்டுப்பட்டது. மெல்லிய பச்சைக் காம்பு, அதன் நுனியில் வெந்து குழைந்த பல் பல்லான இலைத் துண்டு.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்து தவினுக்கு வந்தது. அவருக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்தது. அவரை நேரில் ஒன்றும் செய்ய முடியாத தோங்சாய், நுவானைக் கைக்குள் போட்டுக்கொண்டு, படுத்துக் கிடக்கிற பெண்டாட்டியைப் பிடித்திருக்கிறான். இது இல்லாமல் ஒரு கவளம் இறங்காது என்று அவளைப் பழக்கிவிட்டால் போதும், பிறகு ஏட்டையா தன் வாசலில் வந்து நிற்க வேண்டும். மழைக்கால விரதம் முடியும்வரை போதை தொடமாட்டேன் என்று பெரிய பிக்கு முன்னால் மண்டியிட்டுச் சொன்னவளின் சீலமும் அதோடு போயிற்று.

காம்பைக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தேதியும் நேரமும் எழுதி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த இளவயசு சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டான். பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"ஏட்டையா, ஜூன்லேர்ந்து இது கீரைக் கணக்கு."

நோயாளிக்குச் சொல்லாமல் கொடுத்தால் என்ன சட்டம் என்று தவின் மடக்கினார். அம்மாவிடம் புகார் எழுதி வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்று அவன் சொன்னான். சொல்லும்போது உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினான். இவர் கதவைத் தாண்டியதும் உள்ளே கேட்ட சத்தம் சிரிப்புதான். மூக்குடைபட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர், வழியிலேயே நுவானைப் பிடித்து, இனிமேல் கேரியர் இந்த வீட்டுப் படியேறக் கூடாது என்று சொன்னார். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

லம்துவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேரியர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்காததையும் அவர் குறித்துக்கொண்டார்.

பழையபடி ஆயிற்று. முதல் நாள் மூன்று கரண்டி. இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் வெறும் கஞ்சித் தண்ணீர். நாலாம் நாள் தராசில் ஏறியபோது முள் முப்பத்தேழரையில் நின்றது. ஊசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. தவின் அன்று காலையிலேயே நல்ல விடைக்கோழியாகப் பார்த்து வாங்கினார். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் ஒன்று விடாமல் செய்தார். துளசியைக்கூட அவள் கிள்ளுகிற மாதிரியே நுனி நுனியாகக் கிள்ளிப் போட்டார். கிண்ணத்தை அவள் மடியருகே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அவள் ஒரு கரண்டி எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனாள். திரும்பக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டாள்.

தவினுக்குப் பொறுமை அறுந்துபோயிற்று. கேரியரில் காம்பு கண்டதையும், தோங்சாய் அவளைப் பழக்கிவைத்திருப்பதையும், முப்பது வருடம் காத்திருந்து அவன் பழிவாங்குவதையும் ஒரே மூச்சில் கொட்டினார். உனக்குத் தெரியாமல் உன் வாயில் விஷம் வைத்திருக்கிறான் என்றார்.

லம்துவன் முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாம இல்ல. நாந்தான் நுவான்கிட்ட சொல்லி அவர்கிட்ட இலை வாங்கிட்டு வரச் சொன்னேன்."

"நீயா? விரதத்துல இருக்கிறவ நீ."

"பெரிய பிக்குகிட்ட கேட்டுட்டேன். போதை ஏறுதான்னு கேட்டார். இல்ல சாமி, பசிதான் ஏறுதுன்னேன். அப்ப சாப்பிடுன்னார்."

பெரிய பிக்குவையும் சேர்த்துச் சந்தேகப்பட அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. யார் இந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தார்கள், நுவானா, அந்தப் பிம்ப்பாவா, எப்போதிலிருந்து இது நடக்கிறது என்று கேட்டார். பழைய நாட்களில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்கிற அதே குரல்.

"கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து" என்றாள் லம்துவன்.

அவருக்குப் புரியவில்லை.

"கோழிச் சாறுல ரெண்டு இலை. எங்கம்மா போடுவா. உங்கம்மாவும் போட்டாங்க. இந்தப் பக்கத்துல எந்த வீட்டுல போடல? நீங்க போலீஸ்ல சேர்ந்தப்ப உங்கம்மா என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அவன்கிட்ட சொல்லிடாத, ஆனா போடறத நிறுத்திடாத, நிறுத்தினா சாப்பிட மாட்டான்னு."

"யார்கிட்ட காது குத்தற? நான் மோந்து பாத்தா தெரியாதா?"

"காய வெச்சுப் புகைச்சா நாறும். பச்சையா சாறுல போட்டா என்ன நாறும்? நாற்பது வருஷமா மோந்து பாத்துட்டுத்தானே சாப்பிட்டீங்க." மூச்சு வாங்கியதால் கொஞ்சம் நிறுத்தினாள். "தோங்சாய் அண்ணன் உள்ள இருந்த ரெண்டு வருஷம் எட்டு மாசமும் என்னைப் படுத்தின பாடு ஞாபகம் இருக்கா? கை ருசி போச்சு, மனசு வெச்சு சமைக்க மாட்டேங்கறேன்னு. ஒரு தடவ கிண்ணத்தோட கொண்டுபோய் வாசல்ல கொட்டினீங்க. வேற எங்க போய் இலை வாங்கறது நான்? போலீஸ்காரர் பொண்டாட்டி."

ஞாபகம் இருந்தது. வாசலில் சிதறிய கோழித் துண்டுகளைக் காக்கை கொத்தியதுகூட ஞாபகம் இருந்தது. தவின் அவள் சொன்னதை ஒரு வாக்குமூலத்தைச் சரிபார்ப்பது போல முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். தோங்சாயைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாளோ? ஓட்டை தேடினார். ஓட்டை இல்லை. புது இன்ஸ்பெக்டர் வந்தால், மாஜிஸ்திரேட் வந்தால், எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துவந்து இந்தச் சாற்றைத்தான் பெருமையாக ஊற்றிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் மூன்று கிண்ணம் குடித்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் லம்துவன். சுவரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "சந்துல ஒரே ஒரு இலை கெடந்ததுன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே. அது என் கூடையிலேர்ந்து விழுந்தது."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளில் போனார்கள். தவின் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க அவரப் பிடிச்ச அன்னிக்குச் சாயங்காலம் அவர் பொண்டாட்டி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா. நான் சொல்லல. அவர் கோர்ட்டுல நின்னு யாருக்கும் இல்லன்னார். அப்பவும் நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"பயம். நீங்க வேலையைப் பாப்பீங்களா, என்னைப் பாப்பீங்களான்னு எனக்குத் தெரியல." குரல் மிகவும் இறங்கியிருந்தது. "இன்னிக்கும் தெரியலைங்க."

தவின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார். சாற்றின் மேல் எண்ணெய் ஆடையாகப் படிந்திருந்தது. அவர் அழுதார். இந்த வயசில் அழத் தெரிந்திருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள், அதை மோப்பம் பிடிக்கத் தெரியாத மூக்கு என்ன மூக்கு என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, விகாரைக்கு ஆட்கள் போகிற நேரத்தில், அவர் தோங்சாயின் வாசலில் போய் நின்றார். இருட்டோடு போகலாமா, பின்சந்து வழியாகப் போகலாமா என்றெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படி நின்றார். தோங்சாய் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். எழுபது வயசுக்கு முதுகு நேராக இருந்தது. குழாயை மூடவில்லை.

"லம்துவன் சாப்பிட மாட்டேங்கறா" என்றார் தவின்.

"நுவான் சொன்னா."

"ஊசிக்கு எட்டு நாள்தான் இருக்கு."

தண்ணீர் தொட்டியை நிரப்பி வெளியே வழிந்தது. தெருவில் போன பிம்ப்பாவும் இன்னொருத்தியும் நடையை மெதுவாக்கினார்கள்.

"ரெண்டு இலை வேணும், அண்ணே."

முப்பத்தோரு வருடத்துக்கு முன் விலங்கு மாட்டியபோது அவனை டேய் என்றுதான் கூப்பிட்டிருந்தார். தோங்சாய் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் தெரிகிறதா, சந்தோஷம் தெரிகிறதா என்று தவின் தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை.

"அன்னிக்கு கோர்ட்டுல ஏன் சொல்லல?" என்று கேட்டார். "என் பொண்டாட்டிக்குத்தான் கொடுத்தேன்னு."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா, ஏட்டையா?"

தவின் பொய் சொல்லலாம் என்று நினைத்தார். பொய் சொல்ல அது நல்ல இடமும்கூட.

"நம்பியிருக்க மாட்டேன். போலீஸ்காரன் குடும்பத்து மேல பழி போடறான்னு இன்னொரு கேஸும் சேர்த்து எழுதியிருப்பேன்."

"அதான்" என்றான் தோங்சாய்.

அவன் வரிசையில் நடந்து, மூன்றாவது செடியில் நடுக்கிளையைத் தூக்கிப் பார்த்து, நகத்தால் கிள்ளி இரண்டு இலை பறித்தான். தண்ணீரில் அலசி உதறிக் கொடுத்தான். தவின் அதைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். கசங்கிவிடும், கையில் பிடித்துக்கொண்டு போங்கள் என்று அவன் சொன்னான். எட்டு நாளைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் சௌகரியமாக இருக்கும் என்றார் தவின். வாடினது உதவாது என்றான். நுவானிடம் கொடுத்தனுப்பலாமே என்றார்.

"வேணாம். நாளைக்கு வேணும்னா நாளைக்கு நீங்களே வாங்க. இதே நேரத்துக்கு."

அவர் இரண்டு இலையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். பதிலுக்குக் கும்பிட இலையோடுதான் கையைக் குவிக்க வேண்டியிருந்தது.

லம்துவன் அன்று ஒரு கிண்ணமும் அரைக் கிண்ணமும் சாப்பிட்டாள். எட்டாம் நாள் தராசு முள் நாற்பதைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டியது. ஊசி போட்டார்கள். இன்னும் மூன்று ஊசி பாக்கி இருந்தது.

தவின் தினமும் போனார். தோங்சாய் தினமும் இரண்டே இலைதான் கொடுத்தான். ஒருநாளும் உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. ஒருநாளும் இல்லை என்று சொல்லவுமில்லை. மழையில் கூட வேலிக்கு வெளியே நிற்க வைத்துத்தான் பறித்துக் கொடுத்தான். அந்த இலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தவின் பானையில் போடுவார். அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று கூடவே இருந்தது. அந்த மனுஷன் தன்னை மன்னித்துவிட்டானா, இல்லை ஊர் பார்க்க ஒவ்வொரு நாளாக எண்ணி இரண்டு வருடம் எட்டு மாதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறானா? கேட்டுவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. கேட்டு, அவன் கோபித்துக்கொண்டு, நாளைக்கு வாசல் கதவு மூடியிருந்தால் என்ன செய்வது என்று பயந்து கேட்காமலே வந்துவிடுவார். ஒரு பதிலுக்குப் பயந்துகொண்டு ஒருத்தர் எத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும் என்பது அவருக்கு இப்போது தெரிந்தது.

"மணி பத்தாகுதுங்க" என்று உள்ளேயிருந்து லம்துவன் குரல் கொடுத்தாள். "பசிக்குது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.